சிறகவரை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறகவரையைப் பற்றிக் கேட்க வருபவர்கள் இரண்டு வகை. எங்கோ படித்துவிட்டு ஆசையோடு வருபவர்கள் ஒரு வகை. வளர்த்துப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு வருபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் கேட்கத் தவறியதைத்தான் இரண்டாம் வகையினர் கேட்கிறார்கள். இரு சாராரின் சந்தேகங்களையும், அவர்கள் கேட்டபடியே, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. இது காய்ப்பயிரா, கிழங்குப் பயிரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

இரண்டும்தான். அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது. பற்றுக்கம்பிகள் கிடையாது, தண்டே கொம்பைச் சுற்றிக்கொண்டு மூன்று, நான்கு மீட்டர் உயரம் ஏறும். காயைக் குறுக்கே வெட்டினால் சதுரமாக இருக்கும். நான்கு ஓரங்களிலும் சுருக்கம் வைத்த மடிப்பு நீளவாக்கில் ஓடும். இறகவரை, சதுர அவரை என்று சொல்வதும் இதைத்தான். தாவரவியல் பெயர் சோஃபோகார்பஸ் டெட்ராகோனோலோபஸ்.

பிஞ்சுக் காய், இளந்தளிர், பூ, முற்றிய விதை, மண்ணுக்கடியில் திரளும் கிழங்கு ஆகிய ஐந்தும் உண்ணத் தகுந்தவை. ஆனால் ஐந்தும் ஒரே செடியில், ஒரே பருவத்தில், நிறையக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே வரும் கேள்விகளில் பாதி அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

2. ஒரு முறை நட்டுவிட்டால் வருடக்கணக்கில் காய்க்குமாமே?

இது பல்லாண்டுத் தாவரம் என்பது உண்மை. பருவம் முடிந்ததும் மேலே கொடி காயும். கீழே கிழங்கு உயிரோடு இருக்கும். ஈரம் திரும்பியதும் அதிலிருந்து புதிய தளிர் கிளம்பும். உறைபனி விழாத இடங்களில் மட்டுமே இது நடக்கும். பனி விழும் இடத்தில் கொடி கருகிவிடும். மண் உறைந்தால் கிழங்கும் அழுகிவிடும்.

நடைமுறையில் பெரும்பாலோர் இதை ஓராண்டுப் பயிராகவே நடத்துகிறார்கள். கிழங்குக்காக வளர்ப்பவர் தோண்டி எடுத்துவிடுவார். பிறகு எங்கே பல்லாண்டு?

3. இதன் பூர்வீகம் எது?

முடிவான பதில் இல்லாத கேள்வி. இந்தச் சிற்றினம் காட்டுச் செடியாக எங்கும் கண்டறியப்படவில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றச் சிற்றினங்கள் ஆப்பிரிக்காவுக்கு உரியவை. ஆனால் பயிராக மிகுந்த வகை வேறுபாட்டோடு காணப்படுவது பாப்புவா நியூ கினியிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். கிழங்குக்காகவே இதைப் பெருமளவில் பயிரிடும் வழக்கம் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதிகளிலும் மியான்மரிலும் வேரூன்றியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் காய்க்காக வளர்க்கிறார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் கேள்வியில் தேவைப்படும்.

4. விதை போட்டு இரண்டு வாரமாகிறது, முளைக்கவே இல்லை. எனக்குக் கிடைத்தது செத்த விதையா?

அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இந்த விதையின் தோல் வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஒரே நாளில் விதைத்தாலும் ஒன்று ஐந்தாம் நாள் முளைக்கும், இன்னொன்று மூன்று வாரம் கழித்து எட்டிப் பார்க்கும்.

விதையின் தழும்பு, அதாவது காயோடு ஒட்டியிருந்த இடம், ஒரு பக்கம் இருக்கும். அதற்கு எதிர்ப் பக்கத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பிய விதைகளை உடனே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். உப்பாமல் கல்லாகக் கிடப்பவற்றை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். ஊறிய விதையை நாள்கணக்கில் தண்ணீரிலேயே விட்டால் அழுகும்.

மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. குளிர்ந்த மண்ணில் நல்ல விதையும் அழுகிப் போகும்.

5. எந்த மண்ணில் வரும்? எவ்வளவு தண்ணீர்?

தண்ணீர் தேங்காத எந்த மண்ணிலும் வரும். களிமண்ணாக இருந்தால் உயர்த்திய பாத்தி போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். உவர் மண்ணும் ஒத்துக்கொள்ளாது. ஈரத்தை விரும்பும் பயிர் இது. வறட்சியைத் தாங்கும் என்ற நினைப்பில் காயப்போடாதீர்கள். கிழங்கு இருப்பதால் கொடி பிழைத்துக்கொள்ளும், காய்ப்பு பிழைக்காது. மூடாக்கு இட்டால் பாதி வேலை குறையும். நல்ல வெயில் தேவை.

6. ஒரு மாதமாக நான்கு இலையோடு நிற்கிறது. உரம் போடட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். முதல் நான்கைந்து வாரங்கள் இந்தச் செடி மேலே ஒன்றும் செய்யாதது போலத்தான் தெரியும். அந்தக் காலத்தில் அது வேரைப் பரப்பி, வேர் முடிச்சுகளை உருவாக்கிக்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று கிளம்பும். கிளம்பிவிட்டால் கொம்பு நடுவதற்குள் பக்கத்துச் செடியில் ஏறிவிடும்.

இந்த மந்தமான காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது களை எடுப்பது மட்டும். களைக்கு அடியில் சிக்கிய நாற்று மீள்வது கடினம். நுனியை நத்தையோ வெட்டுக்கிளியோ கடித்துவிட்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். இதன் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்குவதால், அடியிலிருந்து மறுதளிர் வருவதற்கு வாய்ப்பு உண்டு.

7. பந்தல் கட்டாயமா? தரையில் படர விட்டால் என்ன?

எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காய்க்காகவும் விதைக்காகவும் என்றால் கட்டாயம். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரக் கொம்போ, கம்பி வலையோ, பந்தலோ வேண்டும். தரையில் கிடக்கும் கொடியில் பூ குறையும், காய் மண்ணில் பட்டு அழுகும், இலைநோய் பெருகும்.

கிழங்குக்காக மட்டும் என்றால் உயரமான பந்தல் வீண். மியான்மரில் கிழங்குப் பயிரைக் கொம்பே இல்லாமல் நெருக்கமாக வளர்ப்பது வழக்கம். பாப்புவா நியூ கினியின் மலைகளில் குட்டையான கொம்புகளை நடுவார்கள். பந்தல் கட்டும்போது கனத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மழையில் நனைந்த முழுக் கொடி, காய்ந்த மூங்கில் குச்சிகளை எளிதாகச் சாய்த்துவிடும்.

8. பயறு வகை தானே தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் உரமே வேண்டாமா?

தழைச்சத்து ஏறக்குறைய வேண்டாம். இதன் வேரில் உருவாகும் முடிச்சுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் மற்றப் பல பயறு வகைகளை மிஞ்சும். அதில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. நீங்கள் யூரியாவைக் கொட்டினால் செடி அந்தக் கூட்டாளிகளைக் கைவிட்டுவிடும். கொடி கொழுக்கும், பூ தள்ளிப் போகும்.

மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேறு கதை. அவை மண்ணிலிருந்துதான் வர வேண்டும். நடும் முன் மக்கிய தொழு உரம், பூக்கும் தறுவாயில் இன்னொரு கை என்றால் சாதாரண மண்ணுக்குப் போதும். இதற்கு முன் பயறு வகையே விளையாத நிலமாக இருந்தால் தட்டைப்பயறுக்கான ரைசோபியம் (அந்த முடிச்சுப் பாக்டீரியா) உயிர் உரத்தை விதையோடு கலந்து விதைக்கலாம். பெரும்பாலும் அதுவே இதற்கும் பொருந்தும்.

9. பந்தலை மூடிக் காடாக நிற்கிறது. ஆறு மாதமாக ஒரு பூ கூட இல்லை. மலட்டுச் செடியா?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். உங்கள் செடி மலடு அல்ல, நாட்காட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. சிறகவரையின் பெரும்பாலான வகைகள் குறும்பகல் தாவரங்கள். பகலின் நீளம் சுமார் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் பூக்கும். அதைவிட நீண்ட பகலில் எத்தனை மாதமானாலும் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் அங்கே எப்போது விதைத்தாலும் பூத்துவிடும். விலக விலகச் சிக்கல் தொடங்கும். 10 பாகை அட்சத்தில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். 30 பாகையில் 14 மணி நேரத்தைத் தொடும். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் கடைசிக்குப் பிறகுதான் பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே போகும். தென் அரைக்கோளத்தில் மார்ச் கடைசிக்குப் பிறகு. அதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு விதைப்பதே போதும். ஆறு மாதம் முன்பு விதைத்தால் நீங்கள் வளர்ப்பது இலையை மட்டும்தான்.

இன்னும் இரண்டு காரணங்களைச் சரிபாருங்கள். ஒன்று, இரவு விளக்கு. தெருவிளக்கோ மொட்டை மாடி விளக்கோ கொடி மேல் விழுந்தால், செடியைப் பொறுத்தவரை இரவு குறைந்துவிடுகிறது, பூப்பதும் தடைபடும். பந்தலின் ஒரு பக்கம் மட்டும் பூத்து மறுபக்கம் பூக்காமல் இருந்தால் முதலில் விளக்கைச் சந்தேகிக்கலாம். இரண்டு, வெப்பம். பகல் குறைந்திருந்தாலும் வெயில் 32 டிகிரியைத் தாண்டிக்கொண்டும், இரவும் புழுக்கமாகவும் இருந்தால் மொட்டு வருவது தாமதமாகும். பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத வகைகளும் உண்டு. அட்சம் கூடிய இடத்தில் இருப்பவர்கள் விதை கேட்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

10. பூக்கிறது, ஆனால் அப்படியே உதிர்ந்துவிடுகிறது. தேனீ வராததாலா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பூவில் மலர்வதற்கு முன்பே மகரந்தம் வெளிப்பட்டுவிடும். தன்மகரந்தச் சேர்க்கைதான் இதன் இயல்பு. பெரிய வண்டுத் தேனீக்கள் வந்தால் நல்லதுதான், வராவிட்டாலும் காய் பிடிக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் விரிந்திருக்கும். ஒரு கொத்தில் உள்ள எல்லாப் பூவும் காயாகாது. சிலவாவது உதிர்வது வழக்கமே.

எல்லாமே உதிர்ந்தால் முதலில் வெப்பத்தையும், பிறகு தண்ணீரையும் பாருங்கள். பூக்கும் காலத்தில் மண் ஒரு முறை நன்றாகக் காய்ந்தாலே உதிர்வு தொடங்கும். மொட்டுகள் நூலாம்படை போன்ற இழையால் பின்னப்பட்டு, உள்ளே எச்சம் தெரிந்தால் அது காய்ப்புழு. அந்தக் கொத்துகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். தொடக்கத்திலேயே செய்தால் மருந்து தேவைப்படாமலே தப்பிக்கலாம்.

11. காய் எந்த அளவில் பறிக்க வேண்டும்? பெரிதாகட்டும் என்று விட்டேன், மென்னால் நாராக இருக்கிறது.

அளவைப் பார்க்காதீர்கள், நாளையும் முறிவையும் பாருங்கள். பூத்த பத்து முதல் பதினான்கு நாளில் பறித்துவிட வேண்டும். நுனியை வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் நார் ஏறிவிட்டது என்று பொருள். வகையைப் பொறுத்துக் காய் ஒரு சாணுக்கு மேலும் வளரும். ஆனால் அதற்குள் பிஞ்சுப் பருவம் போய்விடும்.

இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். இலைக்குள் மறைந்து முற்றும் காய், புதிய பூக்களுக்குப் போக வேண்டியதைத் தின்றுவிடும். பறித்த காய் வெகு சீக்கிரம் வாடும். மடிப்புகளின் ஓரம் முதலில் கறுக்கும். முற்றிய காயில் தோலை விட்டுவிட்டு உள்ளே உள்ள பச்சை விதைகளை மட்டும் எடுத்து வேகவைக்கலாம், வீணாக்க வேண்டாம்.

12. கிழங்கு வரும் என்றார்கள். செடியைப் பிடுங்கினால் வெறும் வேர்தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க மாட்டார்கள், முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லா வகையும் உண்ணத்தக்க அளவு கிழங்கு வைக்காது. காய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகளில் வேர் கொஞ்சம் தடித்து, நாராக, சுண்டுவிரல் அளவில் நின்றுவிடும். 3ஆம் கேள்வியில் சொன்ன பாப்புவா நியூ கினி, மியான்மர் வகைகள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்குக்காகப் பொறுக்கப்பட்டவை. கிழங்கு வேண்டுமென்றால் அந்த மரபு விதையைத் தேட வேண்டும். இனிப்பான நீளக் காய் கொடுக்கும் விதையிலிருந்து கிழங்கையும் எதிர்பார்ப்பது வீண்.

வகை சரியாக இருந்தாலும் நான்கு காரணங்களால் கிழங்கு திரளாமல் போகலாம். குறும்பகல் கிழங்குக்கும் வேண்டும். 9ஆம் கேள்வியில் சொன்னது இதற்கும் பொருந்தும். இரவு குளிர்ச்சியாக இருந்தால் கிழங்கு நன்றாகத் திரளும். மலைப்பகுதிகளில் இது சிறந்து விளைய அதுவும் ஒரு காரணம். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகி நார் பாயும்; பார் எடுத்து நட்டு, மண் அணைத்து வந்தால் நேராகத் திரளும். நான்காவதுதான் முக்கியம், அது அடுத்த கேள்வியில் வருகிறது.

13. காயும் பறித்துக்கொண்டு, கடைசியில் கிழங்கும் தோண்டினால் என்ன? இரட்டை லாபம் இல்லையா?

செடிக்கு இருப்பது ஒரே வருமானம். இலை தயாரிக்கும் மாவுச்சத்து விதைக்குப் போகும், இல்லையென்றால் கிழங்குக்குப் போகும். முற்றும் விதை மிகப் பெரிய பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். பாப்புவா நியூ கினி உழவர்கள் கிழங்குப் பாத்தியில் பூக்களையும் பிஞ்சுகளையும் கிள்ளி எறிவது இதனால்தான். அப்படிக் கிள்ளும்போது கிழங்கு கூடுகிறது என்பதைக் கள ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

சமரசம் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. காயை எப்போதும் பிஞ்சாகவே பறியுங்கள், ஒன்றையும் முற்ற விடாதீர்கள். அப்படிச் செய்தால் ஓரளவு கிழங்கு மிஞ்சும். ஆனால் நெற்று வரை விட்டு விதையும் எடுத்து, கிழங்கும் எடுக்க நினைத்தால் இரண்டும் சுமாராகத்தான் வரும். இடம் இருந்தால் தனித்தனியாக வளர்ப்பதே என் பரிந்துரை: பந்தலில் காய்க்கு நான்கு செடி, பாரில் கிழங்குக்கு ஒரு வரிசை. கிழங்கு வரிசையை நெருக்கமாக நடலாம். பந்தல் செடிக்கு முக்கால் மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

14. கிழங்கை எப்போது தோண்டுவது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

விதைத்த ஐந்து முதல் எட்டு மாதத்தில். கொடியில் இலை மஞ்சளாகத் தொடங்குவது நல்ல அறிகுறி. ஒரு செடியின் ஓரத்தில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். கிழங்கு கட்டைவிரலைவிடத் தடித்திருந்தால் தோண்டலாம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் தடிமன், பத்து சென்டிமீட்டரை ஒட்டிய நீளம் இருக்கும். பெரிதாகட்டும் என்று அடுத்த ஆண்டு வரை விட்டால் 11ஆம் கேள்வியில் காய்க்கு நேர்ந்ததுதான் கிழங்குக்கும் நேரும்: நார்.

தோண்டிய கிழங்கு அதிக நாள் தாங்காது. ஈரம் வற்றிச் சுருங்கிவிடும். மண்ணோடு, கழுவாமல், நிழலில் வையுங்கள். இன்னும் நல்லது, தேவைப்படும்போது தோண்டுவது. வடிகால் உள்ள மண்தான் இதற்கு ஏற்ற கிடங்கு.

15. இந்தக் கிழங்கைப் பச்சையாகவே தோலுரித்துத் தின்னலாம் என்று ஒருவர் சொன்னாரே?

அவர் வேறு செடியைச் சொல்லியிருப்பார். பச்சையாகத் தின்னும், நீர்ச்சத்து மிகுந்த பெரிய கிழங்கு ஜிக்காமா. அதுவும் பயறு வகைக் கொடிதான், ஆனால் வேறு பேரினம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது.

இந்தக் குழப்பம் ஆபத்தானது. ஜிக்காமாவின் முற்றிய விதையில் ரோட்டினோன் என்ற நஞ்சு இருக்கிறது. அதை உண்ணக் கூடாது. சிறகவரையின் விதையை முறையாக வேகவைத்து உண்ணலாம். கிழங்கில் நிலைமை தலைகீழ்: ஜிக்காமாவைப் பச்சையாகத் தின்னலாம், சிறகவரைக் கிழங்கை வேகவைக்க வேண்டும். பெயர் தெரியாத கொடியின் விதை கையில் கிடைத்தால், சதுரக் காயைக் கண்ணால் பார்க்கும் வரை எதையும் வாயில் வைக்காதீர்கள்.

16. முற்றிய விதையைப் பருப்பு போல வேகவைத்தேன். வேகவும் இல்லை, வயிறும் கெட்டது.

வேகாததால்தான் வயிறு கெட்டது. வேகவைக்காத முற்றிய விதையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும், குடலைத் தொந்தரவு செய்யும் லெக்டின்களும் இருக்கின்றன. ஈரத்தோடு கூடிய நல்ல வெப்பம் இவற்றை அழிக்கும். வெறுமனே வறுப்பதை நம்ப முடியாது.

குறைந்தது ஓர் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவையுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் நேரம் மிச்சம். ஊறிய பிறகு தோலை உரித்துவிட்டால் கசப்பும் துவர்ப்பும் குறையும். கல்லாக ஊறாமல் கிடக்கும் விதைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். 4ஆம் கேள்வியில் பார்த்த அதே கெட்டித் தோல் சமையலிலும் வேலையைக் காட்டும்.

17. சோயாவுக்குச் சமமான புரதம் என்கிறார்கள். கிழங்கிலுமா?

உலர்ந்த விதையைப் பற்றியது அந்தக் கூற்று. நூறு கிராம் உலர் விதையில் சுமார் 30 கிராம் புரதமும் 16 கிராம் கொழுப்பும் இருக்கும். சோயாவுக்குச் சற்றுக் கீழே. ஆனால் யாரும் உலர் விதையை மென்று தின்பதில்லை. வெந்தபின் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடுவதால், தட்டில் விழும் நூறு கிராமில் 10, 11 கிராம்தான் இருக்கும். விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் சொல்லும்.

என்னைக் கேட்டால் வியப்புக்குரியது விதை அல்ல, கிழங்கு. பச்சைக் கிழங்கில் நூறு கிராமுக்குச் சுமார் 11 கிராம் புரதம் என்று உணவுச்சத்துப் பட்டியல்கள் காட்டுகின்றன. உருளைக்கிழங்கில் 2 கிராம்தான். வகைக்கு வகை இது மிகவும் மாறும். பிஞ்சுக் காயில் 7, இலையில் 6 கிராம் அளவில் இருக்கும். இலையில் வைட்டமின் ஏ-க்கான சத்தும் நிறைய.

18. இலையிலும் காயிலும் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். துரு நோயா?

துருவைப் போலத் தோன்றும், ஆனால் துரு அல்ல. சின்கைட்ரியம் என்ற பூஞ்சை உண்டாக்கும் பொய்த்துரு நோய் அது. சிறகவரைக்கே உரிய தொல்லை. தண்ணீர்த் துளிகளின் வழியே பரவும். இலை சுருளும், தளிர் கோணலாகும், காயில் தழும்பு விழும்.

தாக்கப்பட்ட பகுதிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, அடியில் ஊற்றுங்கள். கொடி மிகவும் அடர்ந்திருந்தால் காற்றோட்டத்துக்காகச் சில கிளைகளைக் கழித்துவிடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் நட வேண்டாம்.

19. வேர் முழுவதும் உருண்டை உருண்டையாக இருக்கிறது. நல்ல முடிச்சா, நோயா?

நல்ல கேள்வி, செழிப்பான செடியை நோய் என்று எண்ணிப் பிடுங்கியவர்கள் உண்டு. விரல் நகத்தால் ஓர் உருண்டையைத் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்து எளிதாக உதிர்ந்து, பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது 8ஆம் கேள்வியில் சொன்ன நைட்ரஜன் முடிச்சு. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு.

நூற்புழு சிறகவரையின் பெரிய எதிரி. கிழங்குப் பயிரில் கிழங்கையே விகாரமாக்கிவிடும். கத்தரி, தக்காளி, வெண்டை விளைந்த மண்ணில் உடனே சிறகவரையை நடாதீர்கள். அவையும் அதே புழுவை வளர்ப்பவை. இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி நெருக்கமாக வளர்த்து மடக்கி உழுதால் புழுக்களின் எண்ணிக்கை குறையும்.

20. தொட்டியில் வைக்கலாமா?

காய்க்கு வைக்கலாம். நாற்பது லிட்டருக்குக் குறையாத, ஆழமான தொட்டியில் ஒரு செடி; அதோடு உறுதியான வலை. கோடையில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிழங்குக்குத் தொட்டி சரிப்படாது. வரும், ஆனால் உழைப்புக்குப் போதாது. மொட்டை மாடியில் வைப்பவர்கள் 9ஆம் கேள்வியில் விளக்கைப் பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

21. என் செடியிலிருந்தே விதை எடுத்தால் அதே குணம் வருமா?

பெரும்பாலும் வரும். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் கலப்பு குறைவு. ஆனால் பூச்சிகளால் சிறு அளவில் நடக்கும். இரண்டு வகைகளை ஒரே பந்தலில் ஏற்றினால் அடுத்த தலைமுறையில் ஓரிரு செடிகள் மாறி வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். விதைக்கான செடியைத் தள்ளி நடுங்கள்.

பூத்ததிலிருந்து இரண்டு மாதம் ஆகும், காய் பழுப்பாகிக் காய்ந்து நெற்றாவதற்கு. மழை பெய்யும் அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் பறித்து உள்ளே உலர்த்துங்கள். நெற்றிலேயே விதை பூசணம் பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்த நெற்று தானே வெடித்து விதையைச் சிதறடிக்கவும் கூடும். இறுக மூடிய பாத்திரத்தில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

22. இவ்வளவு நல்ல பயிர் என்றால் ஏன் யாருமே பெரிய அளவில் வளர்ப்பதில்லை?

முயலாமல் இல்லை. 1975இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமி இதை வெப்பமண்டலத்தின் புரதப் பயிர் என்று முன்வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பல நாடுகள் சோதனை நடத்தின. 1978இல் பிலிப்பைன்சில் இதற்கென்றே சர்வதேசக் கருத்தரங்கு கூடியது. ஒற்றைக் கொடியில் ஒரு பல்பொருள் அங்காடி என்ற வர்ணனை அப்போது பரவியதுதான். அந்தப் புகழ்ச்சி இந்தப் பயிருக்குக் கெடுதலே செய்தது என்பது என் எண்ணம். சோயாவோடு போட்டியிட வைத்துவிட்டார்கள்.

சோயா குத்துச்செடி, கொம்பு வேண்டாம், ஒரே நேரத்தில் முற்றும், இயந்திரம் ஓட்டி அறுக்கலாம். சிறகவரைக்கு ஏக்கர் முழுவதும் கொம்பு நட வேண்டும். பூவும் பிஞ்சும் நெற்றும் ஒரே கொடியில் ஒரே நேரத்தில் தொங்கும். கையால்தான் பறிக்க வேண்டும். அதோடு 9, 16 ஆகிய கேள்விகளில் உள்ள சிக்கல்கள். தோட்டத்தில் இவை எதுவும் குறையல்ல. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ப்பது வயலுக்குத் தொல்லை, வீட்டுக்கு வசதி.

23. போன பருவத்துக் கொடி முழுவதும் காய்ந்துவிட்டது. வெட்டி எறியலாமா, மறுபடி வருமா? கிழங்கை எடுத்து வேறு இடத்தில் நடலாமா?

காய்ந்த கொடியை மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள். வேரைத் தொட வேண்டாம். மேலே மூடாக்கு இட்டு, மண் தூசியாகாத அளவுக்கு மட்டும் ஈரம் காட்டுங்கள். கிழங்கு நன்றாக இருந்தால் பருவம் திரும்பும்போது தளிர் வரும். விதையிலிருந்து வந்த செடியைப் போல 6ஆம் கேள்வியின் மந்தமான மாதம் இதற்கு இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஓடும்.

வேறு இடத்தில் நடுவதானால், கிழங்கின் மேல்முனையில் பழைய தண்டின் அடிப்பாகம் ஒட்டியிருக்க வேண்டும். தளிர் அங்கிருந்துதான் வரும். துண்டு துண்டாக வெட்டி நட்டால் பெரும்பாலும் அழுகும். 19ஆம் கேள்வியில் சொன்ன வீக்கம் தென்பட்ட செடியின் கிழங்கை மட்டும் இடம் மாற்றாதீர்கள், புழுவும் கூடவே வரும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று போகப் போகக் காய்ப்பு குறைவதாகத் தெரிந்தால் புதிய விதை ஊன்றுங்கள்.